பின்னத்தின் கீழே நிற்கும் எண்

என் அம்மா கொழுந்து பறித்த இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நாளொன்றுக்கு மூன்று நிறுவை இருந்தது. காலை, பகல், அந்தி என்று ஒவ்வொரு முறையும், தராசில் தொங்கும் சாக்கின் நிறை எதுவாக இருந்தாலும், ஈரத்துக்கும் சாக்குக்குமாக 2 கிலோவைக் கழித்துவிட்டே துண்டுச் சீட்டில் எழுதுவார்கள். பாடசாலை விட்டு வந்து நிறுவைக் கொட்டிலின் ஓரத்தில் நின்றிருந்த ஒரு மாலையில் அம்மா முணுமுணுத்தது இன்றும் நினைவில் இருக்கிறது: “காலையில பத்து கிலோவுல ரெண்டு போனா, போனாப் போகுதுன்னு இருந்திரலாம். அந்திக்கு அஞ்சு கிலோவுல ரெண்டு போனா வயிறு எரியுது.”

இரண்டு வேளையும் கழிக்கப்பட்டது அதே 2 கிலோதான். ஆனால் பத்தில் இரண்டு என்பது நூற்றுக்கு 20. ஐந்தில் இரண்டு என்பது நூற்றுக்கு 40. ஒரு நாள் முழுச் சம்பளத்துக்குப் பறிக்க வேண்டிய அளவு 18 கிலோ என்று வைத்துக்கொண்டால், நாள் முழுவதும் 22 கிலோ பறித்த ஒருவருக்கு மூன்று நிறுவையிலும் சேர்த்து 6 கிலோ கழிந்து 16 கிலோதான் நிற்கும். அளவு நிறையாததால் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழாமல் அரைப்பேர் விழும். அதே 22 கிலோவை ஒரே நிறுவையில் தொங்கவிட்டிருந்தால் 20 கிலோ எழுதப்பட்டு முழுப்பேர் கிடைத்திருக்கும். இரண்டு கிலோ என்று கழிப்பதற்குப் பதிலாக நூற்றுக்குப் பத்து என்று கழித்திருந்தாலோ, ஒரு முறை நிறுத்தாலும் மூன்று முறை நிறுத்தாலும் 19.8 கிலோதான் மிஞ்சும், அங்கும் முழுப்பேர்தான். மாறாத தொகையைக் கழிப்பதற்கும் மாறாத வீதத்தைக் கழிப்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்தத் துண்டுச் சீட்டில் ஒரு நாள் சம்பளத்தின் பாதியாக வந்து விழுந்தது.

ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்ட அம்மாவுக்குப் பின்னம் என்ற சொல் பழக்கமில்லை. ஆனால் பின்னத்தின் கீழே நிற்கும் எண்ணை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஓர் எண்ணைப் பற்றித்தான் இக்கட்டுரை பேசுகிறது. பேராதனைக்கோ பத்தனையிலுள்ள கல்வியியற் கல்லூரிக்கோ வேறெங்குமோ புதிதாகச் சென்று, முதன்முறையாகத் தன் செலவையும் கடனையும் நேரத்தையும் தானே தீர்மானிக்க வேண்டிய நிலையில் இருக்கும் மாணவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கணிதப் பாடத்தில் சித்தி பெற்றிருந்தால் போதும். அதுகூட இல்லாவிட்டாலும் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

தமிழில் பின்னத்தின் மேலேயுள்ள எண்ணைத் தொகுதி என்றும் கீழேயுள்ள எண்ணைப் பகுதி என்றும் சொல்கிறோம். முழுப்பொருள் எத்தனையாகப் பகுக்கப்பட்டது என்பதைச் சொல்வது பகுதி. அவ்வாறு பகுத்தவற்றில் எத்தனையைத் தொகுத்து எடுத்தோம் என்பதைச் சொல்வது தொகுதி. பெயரிலேயே வேலை விளங்கிவிடுகிறது. பழைய தமிழ்க் கணக்கில் எட்டில் ஒன்றுக்கு அரைக்கால் என்று பெயர். ‘காலில் அரை’ என்று, எதில் பாதி என்பதைச் சொல்லின் உள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நாம் இன்று பயன்படுத்தும் ‘வீதம்’ அப்படியல்ல. “12 வீதம்” என்று கேட்டவுடன் 12 மட்டும் காதில் விழுகிறது. எதில் 12 என்பது கடைக்காரரின் மனத்திலோ ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்திலோ தங்கிவிடுகிறது. ஆகவே ஒரு வீதத்தைக் கேட்கும்போதெல்லாம் அரைக்கால் என்ற சொல் செய்ததை நாம் செய்ய வேண்டியிருக்கிறது, ‘எதில்?’ என்று கேட்டு, கீழே நிற்கும் எண்ணை வெளியே இழுத்து வைக்க வேண்டும்.

இந்தக் கேள்வி அதிகம் பணம் மிச்சப்படுத்தும் இடம் தவணைக் கடன் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இரண்டாம் வருடம் தொடங்கும்போது ஒரு மாணவருக்கு மடிக்கணினி தேவைப்படுகிறது. விலை 120,000 ரூபா. கையில் பணம் இல்லை. நகரத்துக் கடையொன்றில், “வருசத்துக்கு 12 வீதம்தான் தம்பி, 12 மாசத்துல கட்டி முடிச்சிரலாம்” என்கிறார்கள். கணக்கு எளிமையாகத் தெரிகிறது: 120,000 இல் 12 வீதம் 14,400, மொத்தம் 134,400, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,200 ரூபா. மறுபக்கத்தில் ஒரு வங்கி, குறைந்து செல்லும் மீதியின் மீது வருடத்துக்கு 18 வீதம் என்று சொல்கிறது. பதினெட்டைவிடப் பன்னிரண்டு சிறியது என்பதால் கடைக்கே போகலாம் என்று பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலானோர் சொல்வார்கள்; நானும் ஒரு காலத்தில் சொல்லியிருப்பேன்.

இப்போது ‘எதில் 12?’ என்று கேட்போம். கடை சொல்லும் 12 வீதத்தின் பகுதியில் நிற்பது 120,000 ரூபா. ஆனால் அந்த மாணவர் 120,000 ரூபாவை வருடம் முழுவதும் வைத்திருக்கவில்லை. முதல் மாதம் மட்டுமே அவரிடம் 120,000 ரூபாக் கடன் இருக்கிறது; கடனின் முதல் தொகையில் மாதம் 10,000 குறைகிறது என்று கொண்டால் இரண்டாம் மாதம் 110,000, மூன்றாம் மாதம் 100,000 என்று இறங்கி, கடைசி மாதத்தில் அவர் கடன்பட்டிருப்பது 10,000 ரூபா மட்டுமே. வருடம் முழுவதற்குமான சராசரிக் கடன், முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் 65,000 ரூபா. 14,400 ரூபா வட்டி உண்மையில் இந்த 65,000 ரூபாவைப் பயன்படுத்தியதற்கான விலை. 14,400 ஐ 65,000 ஆல் வகுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 22 வருகிறது.

க.பொ.த. சாதாரண தரத்தில் மாத அலகு என்று படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்த கணக்கு இதுதான். 12 மாதங்களுக்கு மாத அலகுகள் 12 + 11 + 10 என்று 1 வரை இறங்கிக் கூட்டினால் 78. ஒவ்வோர் அலகும் 10,000 ரூபாவை ஒரு மாதம் வைத்திருப்பதைக் குறிக்கிறது. 14,400 ஐ 78 ஆல் வகுத்தால் ஓர் அலகுக்கு ஏறக்குறைய 185 ரூபா, அதாவது மாதத்துக்கு நூற்றுக்கு 1.85 அளவில், வருடத்துக்கு மீண்டும் அதே 22. மாதத் தவணைகளைச் சரிநுட்பமாக எடுத்துக் கணக்கிடும் மென்பொருள் இதை 21.5 அளவில் காட்டும். கடை வாசலில் நின்று முடிவெடுப்பதற்கு நம் கைக்கணக்குத் தாராளமாகப் போதும். வங்கியின் 18 வீதத்தையும் அதே அலகுகளில் பார்த்தால், மாதத்துக்கு ஒன்றரை வீதப்படி 10,000 ரூபாவுக்கு 150 ரூபா, அதை 78 ஆல் பெருக்கினால் 11,700 ரூபா வட்டி. 18 என்று சொன்ன இடத்தில் 11,700. 12 என்று சொன்ன இடத்தில் 14,400. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருடைய பின்னத்தின் கீழே வேறோர் எண் நின்றது, அவ்வளவுதான். முதல் தொகையின் மீது வட்டியைப் போட்டுத் தவணையாக வாங்கும் இடங்களில், சொல்லப்படும் வீதத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு ஒப்பிட்டால் பெரிய பிழை வராது.

பகுதியில் பணத்தைப் போலவே காலமும் ஒளிந்திருக்கும். நகையை அடகு வைத்தால் மாதம் 2 வீதம் என்பது வருடக் கணக்கில் 24 வீதம், கேட்பதற்கே பயமாக இருக்கிறது. ஆனால் புலமைப்பரிசில் பணம் வந்ததும் மீட்டுவிடலாம் என்று இரண்டு மாதத்துக்கு மட்டும் வைப்பவர் கட்டுவது 4 வீதம். அது வந்ததும் மீட்பாரா என்பது வேறு கேள்வி. அதைக் கணிதம் தீர்க்காது.

கழிவு விற்பனையில் ‘50 வீதக் கழிவு, அதற்கு மேல் மேலும் 20 வீதம்’ என்று எழுதியிருந்தால் பலரும் மனத்தில் 70 என்று கூட்டிவிடுகிறார்கள். 4,000 ரூபாச் சட்டை முதலில் 2,000 ஆகிறது. அடுத்த 20 வீதம் அந்த 2,000 இல்தான், ஆகவே 1,600. மொத்தக் கழிவு 60. இணையப் பொதியும் இதே இனம்தான்: 60 ஜிபி 1,000 ரூபா என்றால் ஒரு ஜிபி 17 ரூபாவுக்கும் குறைவு என்று தோன்றும்; அதில் 36 ஜிபி நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பயன்படுத்தக்கூடியது என்றால், இரவில் தூங்குகிற மனிதருக்குப் பகுதியில் நிற்க வேண்டிய எண் 24. அப்போது ஒரு ஜிபி ஏறக்குறைய 42 ரூபா. விற்பவர் கொடுக்கும் அளவால் வகுக்காமல் நாம் உண்மையில் பயன்படுத்தும் அளவால் வகுப்பதே வாங்குபவரின் கணக்கு.

சில வேளைகளில் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பகுதி மாறிவிடும். வரவு 80 வீதம் இருந்தால்தான் பரீட்சை எழுதலாம் என்று விதியுள்ள ஒரு பாடத்துக்கு 15 விரிவுரைகள் திட்டமிடப்பட்டிருக்கின்றன. 15 இல் 80 வீதம் 12. ஆகவே மூன்றைத் தவறவிடலாம் என்று கணக்குப் போட்டு, தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் வழக்கம்போல ஒரு கிழமை கூடுதலாகத் தங்கி, மூன்றையும் முதல் மாதத்திலேயே செலவழித்துவிடுகிறார். பின்னர் வேலைநிறுத்தத்தால் மூன்று விரிவுரைகள் நடக்காமலே போகின்றன. நடந்தவை 12, அதில் 80 வீதம் 9.6, அதாவது 10. தவறவிடக்கூடியவை இரண்டு மட்டுமே. அவர் ஏற்கெனவே மூன்றைத் தவறவிட்டிருக்கிறார். அவர் அதன் பிறகு ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை என்றாலும் 12 இல் 9, நூற்றுக்கு 75. கீழேயுள்ள எண் கடைசி நாள் வரை உறுதியாகாத இடங்களில் விளிம்பு வரை போய் நிற்பது ஆபத்து என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

விலைவாசிச் செய்திகளுக்கு வருவோம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், ஒரு வருடம் கழித்து, 2023 செப்டெம்பரில் அது 1.3 வீதம். அந்தச் செய்தி வந்த கிழமையில் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, “சேர், பணவீக்கம் அவ்வளவு குறைஞ்சிருச்சே, அப்புறம் ஏன் கோதுமை மா விலை குறையல?” என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. இந்த இரண்டு வீதங்களும் ஒரே எண்ணின் மீது எழுதப்பட்டவை அல்ல. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவாக இருந்த ஒரு கூடைப் பொருட்கள் 2022 செப்டெம்பரில் 169.80 ரூபா ஆயின. 1.3 வீதம் என்பது அந்த ஏறிய 169.80 இன் மீது. ஆகவே கூடை ஏறக்குறைய 172 ரூபா ஆகிறது. 2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போய் மறை 0.5 வீதம் ஆனபோதும் கூடை 171 ரூபாவில்தான் நிற்கிறது. ஏறும் வேகம் குறைந்தது. ஏறிய இடத்திலிருந்து விலை பெரிதாக இறங்கவில்லை.

இந்தக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டச் சம்பளத்தைப் பார்த்தால் பேச்சுவார்த்தை மேசையில் சொல்லப்படும் எண்கள் வேறு முகம் காட்டுகின்றன. 2021 இல் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபா ஆனது. மேலதிகக் கொழுந்துக்கான கொடுப்பனவை இங்கே சேர்க்கவில்லை. 1,000 இல் 350 என்பது 35 வீத உயர்வு. ஆனால் அதே மூன்று வருடங்களில் 100 ரூபாக் கூடை 171 ஆகிவிட்டதால், 1,350 ஐ 1.71 ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். விடை 789 ரூபா. 2021 செப்டெம்பரில் 789 ரூபாவுக்கு வாங்கியதைத்தான் 2024 இன் 1,350 ரூபா வாங்கியது. இந்தச் சுட்டெண் கொழும்பு நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை வைத்துக் கட்டப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்துச் சமையலறையில் மாவும் அரிசியும் மண்ணெண்ணெயும் எடுக்கும் பங்கு வேறு என்பதால், அங்கு கூடையே வேறு.

2022 இன் இன்னொரு எண் சோடியையும் சொல்லிவிடுகிறேன், மேடைப் பேச்சுகளில் அது அடிக்கடி குழம்புகிறது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபா அளவுக்குப் போனது. டொலரின் விலை 80 வீதம் ஏறியது என்றால் சரி. ரூபாவின் பெறுமதி 80 வீதம் விழுந்தது என்றால் பிழை. 360 ரூபா கொண்டு முன்பு 1.80 டொலர் வாங்கியவர் இப்போது 1 டொலர் வாங்குகிறார், 1.80 இல் 0.80 போயிற்று, வீழ்ச்சி ஏறக்குறைய 44 வீதம். ஏறும்போது சிறிய எண் கீழே நிற்கிறது, இறங்கும்போது பெரிய எண் கீழே நிற்கிறது. ஆகவே ஏற்ற வீதமும் இறக்க வீதமும் ஒருபோதும் ஒன்றாவதில்லை.

பணத்தை விட்டுப் புள்ளிகளுக்கு வந்தால், பல்கலைக்கழக வாசலைக் கடந்த ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஒரு வகுத்தலின் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி என்பது, பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையை, அதாவது சராசரியை, கழித்து, வந்ததை நியம விலகலால் வகுப்பது. நியம விலகல் என்ற பெயர் பயமுறுத்தினாலும், அது சொல்வது, அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் புள்ளிகள் இடையிலிருந்து வழக்கமாக எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதைத்தான். ஒரு பாடத்தின் இடை 55, நியம விலகல் 15. அதில் 70 எடுத்தவருக்கு 15 ஐ 15 ஆல் வகுத்து 1.00. இன்னொரு பாடத்தின் இடை 42, நியம விலகல் 16; அதில் 62 எடுத்தவருக்கு 20 ஐ 16 ஆல் வகுத்து 1.25. எழுபதைவிட அறுபத்திரண்டு மேலே போய்விடுகிறது, அந்தப் பாடத்தில் இடையைத் தாண்டி 20 புள்ளி ஓடுவது கடினமாக இருந்திருக்கிறது என்பதால். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியே இறுதியில் பார்க்கப்படுகிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் நுவரெலியா, பதுளை உள்ளிட்ட கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுவதால், ஒரே புள்ளி வேறு வேறு மாவட்டத்தில் வேறு வேறு கதவைத் திறக்கிறது. இது நியாயமா என்று விடுதியில் இரவு முழுவதும் சண்டை பிடிக்கலாம். சண்டைக்கு முன் யாருடன் ஒப்பிடுகிறோம் என்பதை எழுதி வைத்துக்கொண்டால் சண்டை பாதி நேரத்தில் முடியும்.

பகுதி மிகச் சிறிதாக இருக்கும்போது வீதம் பேயாட்டம் ஆடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு தோட்டப் பாடசாலையில் 12 பேர் உயர்தரப் பரீட்சை எழுதி 9 பேர் சித்தியடைந்தால் 75 வீதம். அடுத்த வருடம் 12 இல் 7 என்றால் 58 வீதம். பெற்றோர் கூட்டத்தில் அதிபரைக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள், 17 வீதம் விழுந்துவிட்டது என்று. விழுந்தது இரண்டு பிள்ளைகள். ஒருவருக்குப் பரீட்சை நேரத்தில் காய்ச்சல், இன்னொருவர் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதினார் என்றால் கதை முடிந்தது. 200 பேர் எழுதும் நகரப் பாடசாலை ஒன்றில் சித்தி வீதம் அதேபோல் 75 இலிருந்து 58 க்கு விழ வேண்டுமானால் 34 பேர் கூடுதலாகத் தவற வேண்டும். அங்கே உண்மையில் ஏதோ நடந்திருக்கிறது. ஒரு பயிற்சிநெறியில் சேருமுன் ‘எங்களிடம் படித்தவர்களில் 90 வீதமானோருக்கு வேலை’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால், எத்தனை பேரில் 90 என்று தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் என்று பதில் வந்தால், அந்த 90 ஐ எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றைப் பார்க்கலாம்.

முதல் வேலை கிடைக்கும்போதும் இதே கேள்வி எழும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில் கொடுப்பவர் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் கொடுப்பவர் 3 வீதமும் செலுத்த வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கின் பகுதியில் சேராது. மாதம் 80,000 என்று சொல்லப்பட்ட சம்பளத்தில் 25,000 மேலதிக நேரத்தால் வருவதானால், 12 வீதம் 9,600 ஆகாது. மீதி 55,000 இன் மீது 6,600 தான். இரண்டு வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மாதம் 3,000 ரூபா வித்தியாசம் சிறியதல்ல.

கடைசியாக, என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. மூன்றாம் வருடம் முடித்த மாணவி ஒருத்தி விடுமுறைக்கு வந்தபோது பெறுபேற்றுத் தாளுடன் என் வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் வருடத்தில் 2 கிரெடிட் பாடம் ஒன்றில் சீ பிளஸ். அது தன் ஜிபிஏயை நாசமாக்கிவிட்டது என்று மூன்று வருடமாக நினைத்து வருந்திக்கொண்டிருந்தாள். ஜிபிஏ என்பதும் ஒரு பின்னம்தான்: ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டியது மேலே, மொத்தக் கிரெடிட் கீழே. முதல் அரையாண்டில் கீழே 15 மட்டும் இருக்கும்போது அந்த சீ பிளஸ் பூதமாகத் தெரிந்திருக்கும், 2.3 க்குப் பதிலாக பீ பிளஸ்ஸின் 3.3 கிடைத்திருந்தால் அப்போது ஜிபிஏ 0.13 கூடியிருக்கும். பட்டம் முடியும்போது கீழே நிற்பது 120. அதே ஒரு தரப்புள்ளி, அதே 2 கிரெடிட், 120 ஆல் வகுத்தால் 0.017.

“அப்ப அதை விட்டிரலாமா சேர்?” என்றாள். அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கணக்கிட்டோம். இப்போது அவளிடம் இருப்பது 90 கிரெடிட், ஜிபிஏ 3.24. அவள் விரும்பும் வகுப்புச் சித்திக்கு அவளுடைய பீடத்தில் 3.30 வேண்டும். 120 கிரெடிட்டில் 3.30 என்றால் மேலே 396 இருக்க வேண்டும். 90 ஐ 3.24 ஆல் பெருக்கினால் ஏற்கெனவே 291.6 இருக்கிறது, மீதி 104.4. அதை மிஞ்சியிருக்கும் 30 கிரெடிட்டால் வகுத்தால் 3.48. கடைசி வருடத்தில் பத்துப் பாடங்கள், ஒவ்வொன்றும் 3 கிரெடிட். எல்லாவற்றிலும் பீ பிளஸ் எடுத்தால் 3.30 தான், போதாது. எல்லாவற்றிலும் ஏ எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஐந்தில் ஏ மைனஸ் (3.7), ஐந்தில் பீ பிளஸ் (3.3) என்றால் 3.50.

தாளைத் திருப்பி, கடைசி வருடத்துப் பாடங்கள் பத்தையும் பின்பக்கத்தில் எழுதினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐந்தின் பக்கத்தில் மட்டும் பென்சிலால் புள்ளி வைத்தாள்.